ரிமோட் ரோபோ ஓடலையா? ஸ்க்ரூ கழட்டறதுக்கு முன்னாடி காது கொடுத்து கேளுங்க

மாங்கனி கண்காட்சிக்கு கிருஷ்ணகிரி போயிட்டு வந்தா எங்க தெருவுல பாதி வீட்ல ஒரு ரிமோட் ரோபோ வந்துரும். நாலு நாள் வாசல், திண்ணை, மொட்டை மாடின்னு ஓடும், அஞ்சாவது நாள்ல இருந்து ஒண்ணொண்ணா நிக்க ஆரம்பிக்கும், புள்ளைங்க அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துருவாங்க. காவேரிப்பட்டணத்துல எங்கப்பா ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவரு, அவரோட சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இப்ப என்கிட்ட தான் இருக்கு. இது வரைக்கும் என் கைக்கு வந்த ரோபோவுல உண்மையிலேயே செத்தது ரொம்ப கம்மிங்க, மத்ததெல்லாம் செல், துரு, முடி, அறுந்த ஒயர், அவ்வளவு தான். அதுக்காக ஒரு பொம்மைய குப்பைல போட்டு புள்ளைய அழ வைக்கறது எனக்கு மனசே கேக்காது, அதனால தான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன்.

அப்பா எந்த செட்டு வந்தாலும் உடனே கழட்ட மாட்டாரு. ஆன் பண்ணி வெச்சு கொஞ்ச நேரம் சும்மா கேட்டுட்டு இருப்பாரு. ரோபோவுக்கும் அதே தான். சத்தமே இல்லையா, பாட்டு மட்டும் வருதா, மோட்டார் சுத்தற சத்தம் இருந்தும் நகரலையா, இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். நடக்கற மாதிரி தெரியற ரோபோ பெரும்பாலும் நடக்கறதில்ல, காலுக்கு அடியில சின்ன சக்கரம் இருக்கும், வலது காலுக்கு ஒரு மோட்டார், இடது காலுக்கு ஒரு மோட்டார், ரெண்டும் ஒரே பக்கம் சுத்துனா நேரா போகும், ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் சுத்துனா திரும்பும். நெஞ்சுக்குள்ள ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு ஸ்பீக்கர், முதுகுலயோ கால்லயோ செல் போடற பெட்டி. கைல ரிமோட். இவ்வளவு தான் மொத்தமும்.

வேண்டிய சாமான்: சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ட்வீசர், காது பட்ஸ், கொஞ்சம் வினிகர், உப்புத்தாள் ஒரு துண்டு, நல்ல புது செல். மல்டிமீட்டர் இருந்தா சந்தோஷம், இல்லன்னாலும் முக்கால்வாசி வேலை ஆகும். ஸ்க்ரூ போட ஒரு தட்டு எடுத்து வெச்சுக்கோங்க. கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ, திறந்ததும் எந்த கலர் ஒயர் எங்க போகுதுன்னு இன்னொரு போட்டோ, இதை மட்டும் மறக்கவே கூடாது.

"அத்தை, செத்துப்போச்சு"
லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. முதல்ல செல் சரியா போட்டிருக்கான்னு பாருங்க, தட்டையா இருக்கற மைனஸ் பக்கம் ஸ்பிரிங்குல படணும். புள்ளைங்க அவசரத்துல ஒண்ண மட்டும் திருப்பி போட்டிருப்பாங்க, நாலு செல்லுல ஒண்ணு திரும்பியிருந்தாலும் வேலை கெட்டுரும். செல்லை மாத்தறதா இருந்தா நாலையும் சேர்த்து மாத்துங்க, பழசு ரெண்டு புதுசு ரெண்டுன்னு கலந்து போட்டா பழசு சீக்கிரமே கசிய ஆரம்பிச்சுரும்.

அடுத்து ஸ்பிரிங். இதை வெளிச்சத்துல வெச்சு கிட்ட பாருங்க. போன வருஷ லீவுல விளையாடிட்டு செல்லோட பரண்ல போட்ட ரோபோன்னா ஸ்பிரிங் அடில வெள்ளையா, கொஞ்சம் பச்சையா பூத்திருக்கும், சுண்ணாம்பு மாதிரி. அது அல்கலைன் செல் கசிஞ்சது, காரத்தன்மை, அதனால புளிப்பு பட்டா அடங்கும். பட்ஸ்ல வினிகரையோ எலுமிச்சை சாறையோ தொட்டு தடவுங்க, லேசா நுரைக்கும், நுரை நின்னதும் இன்னொரு பட்ஸ்ல தண்ணி தொட்டு துடைச்சு நல்லா காயவிட்டு அப்புறம் உப்புத்தாள் வெச்சு உலோகம் பளிச்சுன்னு தெரியற வரைக்கும் தேயுங்க. இந்த வேலைய புள்ளைங்க கைல குடுக்காதீங்க, அந்த பொடி கண்ணுல பட்டா எரியும், நீங்களும் முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவிருங்க.

அதுக்கும் வரலன்னா ஆன் ஆஃப் சுவிட்ச். இங்க செம்மண் புழுதி எல்லாத்துக்குள்ளயும் போயிரும், சுவிட்சை இருபது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுனாலே சில சமயம் உயிர் வந்துரும். அதுலயும் வரலன்னா பெட்டிய திறந்து, ஸ்பிரிங் பின்னாடி வர்ற சிவப்பு, கருப்பு ஒயரை ட்வீசரால லேசா அசைச்சு பாருங்க. கீழ விழுந்த ரோபோல இந்த ஒயர் தான் முதல்ல விடும். சால்டரிங் அயர்னால கொஞ்சம் ஈயம் உருக்கி வெச்சு ஒட்டுனா ஆச்சு.

"பாட்டு பாடுது, நடக்க சொன்னா அணைஞ்சு போகுது"
இதை கேட்டதும் நான் ரோபோவ தொடக்கூட மாட்டேன், செல்லை மாத்துன்னு சொல்லி அனுப்பிருவேன். லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கொஞ்சூண்டு கரண்ட் போதும், மோட்டாருக்கு கிளம்பற நேரத்துல நிறைய வேணும், வீக்கான செல் அதை குடுக்க முடியாம வோல்டேஜ் விழுந்துரும், போர்டு அணைஞ்சு மறுபடி முதல்ல இருந்து ஹலோ சொல்லும். "செல் புதுசு தான் அத்தை, கடிகாரத்துல இருந்து எடுத்தேன், அங்க நல்லா ஓடுச்சே"ன்னு சொல்லுவாங்க. சுவர் கடிகாரம் சாப்பிடறது ரொம்ப ரொம்ப கம்மி கண்ணு, அங்க ஓடற செல்லு இங்க ஓடாது.

மல்டிமீட்டர் இருந்தா டிசி 20 வோல்ட்ல வெச்சு அளந்து பாருங்க. புது பென்சில் செல் 1.5-க்கு மேல காட்டும். ரோபோ ஓடாம சும்மா இருக்கும்போதே 1.2, 1.3-ன்னு வந்தா அது ரோபோவுக்கு ஆகாது. சும்மா அளந்தா நல்லா காட்டி ஏமாத்தும், அதனால ஒருத்தர் ரிமோட்ல முன்னாடி பட்டனை அமுக்கிட்டு இருக்கும்போது அளக்கணும், அப்ப தான் நிஜம் தெரியும். விலை கம்மியான சாதா கார்பன் செல் ரோபோவுக்கு தாங்காது, அல்கலைன்னு போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க. தினமும் விளையாடற புள்ளைன்னா ரீசார்ஜ் பண்ற நிக்கல் செல் நாலு வாங்கிடுங்க, அது ஒண்ணு 1.2 வோல்ட் தான், நாலுக்கு 4.8 வரும், ஆனா கரண்ட் நல்லா குடுக்கும்கறதால நிறைய ரோபோ அதுல ஓடிரும்.

இங்க ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு கவனமா படிங்க. பென்சில் செல் அளவுலயே 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒண்ணு கிடைக்குது, 14500-ன்னு அதுமேல போட்டிருக்கும். அளவு ஒண்ணு தானேன்னு நாலு வாங்கி போட்டா 6 வோல்ட் வர வேண்டிய இடத்துல கிட்டத்தட்ட 15 வோல்ட் போகும். போர்டு கருகும், சூடாகி தீ பிடிக்கற அளவுக்கும் போகலாம்.

"ரிமோட்டை எவ்வளவு அமுக்குனாலும் திரும்பிக்கூட பாக்கல"
ரோபோ தானா ஆடுது, பாடுது, ஆனா சொல் பேச்சு கேக்கலன்னா கோளாறு ரிமோட் பக்கம். ரிமோட்ல ரெண்டு வகை இருக்கு, எது உங்களுதுன்னு தெரியாம எதுவும் பண்ணாதீங்க.

ரிமோட் மூக்குல டிவி ரிமோட் மாதிரி சின்ன பல்பு இருந்தா அது கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்துல பேசற வகை. இதை செக் பண்றது ரொம்ப சுலபம். போன் கேமராவை ஆன் பண்ணி அந்த பல்புக்கு நேரா பிடிச்சு பட்டனை அமுக்குங்க, திரைல வெளிர் ஊதாவா மினுக் மினுக்குன்னு தெரியும். பின்னாடி கேமரால தெரியலன்னா செல்ஃபி கேமரால பாருங்க, சில போன்ல பின்னாடி கேமரா அந்த வெளிச்சத்தை வடிகட்டிரும். மினுக்குதுன்னா பல்பும் செல்லும் வேலை செய்யுது, மினுக்கலன்னா ரிமோட் செல், ஸ்பிரிங், இல்ல பட்டன்.

மினுக்கியும் கேக்கலையா? எங்க நின்னு விளையாடுறீங்கன்னு பாருங்க. போன கோடைல ஒரு தம்பி ஞாயித்துக்கிழமை மத்தியானம் அழுதுக்கிட்டே வந்தான், மொட்டை மாடில ஓடவே இல்லன்னான், எங்க வீட்டு கூடத்துல வெச்சா ஜம்முன்னு ஓடுது. திரும்பி போய் ஒரு மணி நேரத்துல மறுபடி அழுதுக்கிட்டே வந்தான். சூரிய வெளிச்சத்துலயும் அதே அகச்சிவப்பு நிறைய இருக்கு, நம்ம ரிமோட்டோட குட்டி வெளிச்சம் அதுல மூழ்கி போயிருது, நாதஸ்வர கச்சேரி நடுவுல காதுல ரகசியம் சொன்ன மாதிரி. வெயில் தாழ்ந்து விளையாட சொன்னேன், சரியாப்போச்சு. இந்த வகைக்கு நடுவுல ஆளோ தூணோ மறைச்சாலும் கேக்காது, ரோபோ நெஞ்சுல இருக்கற கருப்பு கண்ணாடிய பாத்து அமுக்கணும், அந்த கண்ணாடில ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கற புள்ளைங்களையும் பாத்திருக்கேன்.

ரெண்டாவது வகை ரேடியோ. இதுல 2.4 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா ரோபோவும் ரிமோட்டும் முதல்ல ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கணும். ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. பெரும்பாலான மாடல்ல முதல்ல ரோபோ ஆன், லைட் வேகமா மினுக்கும், உடனே பக்கத்துல வெச்சு ரிமோட் ஆன், மினுக்கறது நின்னு லைட் நிலையா எரிஞ்சா ஜோடி சேர்ந்துருச்சு. குச்சி வெச்ச ரிமோட்டா இருந்தா சிலதுல அதை ஒரு தடவை மேல தள்ளி கீழ இறக்கணும். ரெண்டு புள்ளைங்க பக்கத்து பக்கத்துல ஒரே நேரத்துல ஆன் பண்ணா மாறி ஜோடி சேர்ந்துக்கும், ஒருத்தர் முடிச்ச அப்புறம் தான் அடுத்தவர்.

பழைய வகைல 27 மெகாஹெர்ட்ஸ்னு அடில எழுதியிருக்கும், நீட்டற ஏரியல் இருக்கும். இதுக்கு ஜோடி எல்லாம் கிடையாது. ஒரே மாதிரி ரெண்டு வாங்குனா ஒரு ரிமோட்டுக்கு ரெண்டும் ஆடும், அது கோளாறு இல்ல. அண்ணன் தம்பிக்கு வாங்கறவங்க கடைலயே அடில திருப்பி பாத்து ஒண்ணு 27, இன்னொண்ணு 40 இல்ல 49-ன்னு வாங்குங்க, வீட்ல சண்டை மிச்சம்.

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யலன்னா ரிமோட்டை திறங்க. ரப்பர் பட்டன் அடில கருப்பா ஒரு பொட்டு இருக்கும், அது போர்டுல படும்போது தான் கட்டளை போகும். மாம்பழம் தின்ன கையோட விளையாடுனா அந்த சாறு உள்ள இறங்கி பிசுபிசுன்னு படிஞ்சுக்கும். பட்ஸ்ல ஸ்பிரிட் தொட்டு போர்டையும் பொட்டையும் துடைங்க. பொட்டு தேஞ்சே போயிருந்தா சாக்லேட் சுத்தி வர்ற வெள்ளித்தாளை அதே அளவுக்கு நறுக்கி அதுமேல ஒட்டிருங்க, நல்லாவே தாங்குது.

"கிட்ட நின்னா கேக்குது, தள்ளி போனா கேக்கல"
ரிமோட் செல் வீக். புதுசு போட்டும் அப்படியே இருந்தா, ரேடியோ வகைல ரோபோவுக்குள்ள ஒரு தனி ஒயர் எதுலயும் சேராம ஒரு முனை சும்மா தொங்கும், அது தான் ஏரியல். அதை வேஸ்ட்டுன்னு நினைச்சு நறுக்கிடாதீங்க, போர்டுல இருந்து விட்டிருந்தா மறுபடி ஒட்டுங்க, சுருட்டி வைக்காம நீளமா விடுங்க.

"நேரா போக சொன்னா ஒரே இடத்துல சுத்துது"
எனக்கு ரொம்ப பிடிச்ச கோளாறு இது, ஏன்னா புள்ளைங்களையே கண்டுபிடிக்க வைக்கலாம். ரோபோவ கைல தூக்கி சக்கரம் அந்தரத்துல இருக்கற மாதிரி பிடிச்சு முன்னாடி பட்டனை அமுக்குங்க. எங்க பாப்பா டார்ச் அடிப்பா, நான் பிடிச்சிருப்பேன், ரோபோக்கு சொந்தக்காரர் ரிமோட் அமுக்குவார். எந்த சக்கரம் சுத்தலன்னு அவங்களே கத்தி சொல்லிருவாங்க.

சுத்தாத பக்கம் முதல்ல பாக்க வேண்டியது முடி. எங்க வீட்ல மூணு பொம்பளைங்க, எல்லாருக்கும் நீள முடி, தரைல விழுந்த முடிய சக்கரம் சுருட்டி சுருட்டி அச்சுல கட்டிக்கும். ஒரு தடவை ஒரு ரோபோ கால்ல இருந்து எடுத்தேன், ட்வீசரால ஒரு முனைய பிடிச்சு இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு, நடுவுல பாவாடை நூல், பூக்கட்டுற நார் எல்லாம், அதுமேல செம்மண் படிஞ்சு கயிறு மாதிரி இறுகி போயிருந்துச்சு. இழுத்து வராதத பிளேடால அச்சோட நீளவாக்குல கீறி விடுங்க, சக்கரத்தை விரலால தள்ளுனா லேசா சுத்தணும்.

முடி இல்லன்னா கால் ஸ்க்ரூ கழட்டி மோட்டாரை பாருங்க. ஒரே ஒரு பென்சில் செல் எடுத்து ரெண்டு சின்ன ஒயரால மோட்டாரோட ரெண்டு காதுலயும், அதாவது ஒயர் ஒட்டியிருக்கற ரெண்டு உலோக முனைலயும், தொட்டு பாருங்க. சுத்துச்சுன்னா மோட்டார் நல்லா இருக்கு, கோளாறு ஒயர்ல இல்ல போர்டுல. சுத்தலன்னா ஒரு தடவை விரலால அச்சை திருகி விட்டு மறுபடி தொடுங்க, உள்ள கார்பன் அடைச்சிருந்தா அதுலயே கிளம்பிரும். அப்பவும் இல்லன்னா மோட்டார் போச்சு. ஒயர் மோட்டார் காதுல இருந்து விட்டு போறது தான் நான் அதிகமா பாக்கறது, நடக்கும்போது கால் ஆடி ஆடி ஒயர் ஒரே இடத்துல மடங்கும், வெளிய பிளாஸ்டிக் நல்லா இருக்கும், உள்ள செம்பு அறுந்திருக்கும், லேசா இழுத்தா ரப்பர் மாதிரி நீளும்.

போர்டா மோட்டாரான்னு சந்தேகமா இருந்தா வலது இடது மோட்டார் ஒயரை போர்டுல மாத்தி ஒட்டி பாருங்க. சுத்தாதது பக்கம் மாறுச்சுன்னா போர்டு, அதே பக்கமே நின்னுச்சுன்னா மோட்டார். ரெண்டும் சுத்துது, ஆனா லேசா ஒரு பக்கம் இழுக்குதுன்னா ரிமோட்ல ட்ரிம்னு ஒரு குமிழோ சின்ன பட்டனோ இருக்கும், அதை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா திருப்புனா நேராயிடும், எதையும் கழட்ட வேணாம்.

"கர்ர்ருன்னு கத்துது, நகரல"
மோட்டார் சுத்துது, சக்கரம் சுத்தல. நடுவுல இருக்கற பல்சக்கரம் தான். மோட்டார் அச்சுல ஒரு குட்டி வெள்ளை பல்சக்கரம் மாட்டியிருக்கும், இறுக்கமா மாட்டறதாலயே நாளாக ஆக நெடுக்க ஒரு கீறல் விழுந்துரும். கண்ணுக்கு தலைமுடி மாதிரி தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. அச்சை பிடிச்சுக்கிட்டு நகத்தால அதை திருப்புங்க, தனியா வழுக்குனா விரிஞ்சு போச்சு. பசை விட்டு ஒட்டலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க, பசை ரெண்டு நாள் தாங்கும், ஒரு சொட்டு அதிகமாச்சுன்னா மோட்டார் மூக்குக்குள்ள இறங்கி மோட்டாரையே பூட்டிரும், அதனால புதுசே போடுங்க. வாங்கும்போது பல் எண்ணிக்கை அதே இருக்கணும், பெரும்பாலும் 8 இல்ல 10, அச்சு ஓட்டை பெரும்பாலும் 2 மில்லிமீட்டர். ஆன்லைன்ல கலந்து ஒரு பாக்கெட்டா கிடைக்குது, ஓசூர்ல இருந்து பெங்களூர் வேலைக்கு போயிட்டு வர்றவங்க வீட்ல இருந்தா எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுல வாங்கிட்டு வர சொல்லுங்க, பழசையே கைல குடுத்து அனுப்புங்க.

மூடறதுக்கு முன்னாடி பல்சக்கரத்துல கடுகளவு வெள்ளை கிரீஸ். தேங்கா எண்ணெய் விடாதீங்க. அது 24, 25 டிகிரிக்கு கீழ போனா உறைய ஆரம்பிக்கும், ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி காலைல பாட்டில்ல என்ன ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும், ரோபோ கால்லயும் அதே தான் ஆகும், மண்ணும் சேர்ந்தா களி கிண்டுன மாதிரி இறுகிக்கும்.

"சார்ஜ் நிக்கல"
உள்ளயே பேட்டரி இருக்கற ரோபோவுக்கு தான் இது. 3.7 வோல்ட்னு போட்ட லித்தியம் பேட்டரி ஃபுல்லா இருந்தா 4.2 வோல்ட் காட்டும், 3-க்கு கீழ போயி மாசக்கணக்கா கிடந்தா பெரும்பாலும் திரும்பாது. பேட்டரி உப்பியிருந்தா, அப்பளம் பொங்குன மாதிரி, அதை அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடவே போடாதீங்க, எடுத்து மாத்திருங்க. ராத்திரி சார்ஜ் போட்டு தூங்க போகாதீங்க, மெத்தை மேலயும் வேணாம், தரைல வெச்சு நாம முழிச்சிருக்கும்போது போடணும். கூட வந்த சார்ஜர் ஒயரையே பயன்படுத்துங்க.

"தண்ணில விழுந்துருச்சு"
முதல் வேலை செல்லை பிடுங்கறது, துடைக்கறது எல்லாம் அப்புறம். ஆன் பண்ணி பாக்கவே கூடாது. எல்லா ஸ்க்ரூவையும் கழட்டி நிழல்ல, ஃபேன் காத்துல ரெண்டு நாள் விரிச்சு வையுங்க. சேத்து தண்ணின்னா போர்டை மட்டும் ஸ்பிரிட்ல கழுவி காய வையுங்க. அரிசி டப்பால புதைக்க வேணாம், மாவு தான் பல்சக்கரத்துல போய் ஒட்டும்.

கருகுன வாசனை வந்தா
செல்லை எடுத்துட்டு போர்டுல ஐசி, அதாவது கருப்பா இருக்கற குட்டி சிப், அதுமேல குழி, வெடிப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த போர்டு முடிஞ்சுது, புள்ளை கிட்ட உண்மைய சொல்லிடுங்க. மோட்டார், பல்சக்கரம், சக்கரம், ஸ்க்ரூ எல்லாம் ஒரு டப்பால எடுத்து வையுங்க, அடுத்த ரோபோவுக்கு ஆகும்.

கடைசியா, வேலை முடிஞ்சு ரிமோட்டை மூடும்போது. சின்ன ரிமோட்ல வட்டமா காசு மாதிரி பட்டன் செல் இருக்கும், அந்த மூடிக்கு ஒரு ஸ்க்ரூ குடுத்திருப்பாங்க, அது தொலைஞ்சா டேப் ஒட்டி விட்டுடாதீங்க, ஸ்க்ரூ கிடைக்கற வரைக்கும் ரிமோட்டை பரண்ல வையுங்க. அந்த லித்தியம் செல்லை சின்ன புள்ளை முழுங்கிட்டா தொண்டைக்கு கீழ மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயை பொசுக்கிரும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, தானா வந்துரும்னு காத்திருக்காதீங்க, 108-க்கு போன் போடுங்க, கிருஷ்ணகிரியோ தருமபுரியோ எது கிட்டயோ அந்த அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போய் பட்டன் செல் முழுங்கிருச்சுன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க, எக்ஸ்ரே உடனே எடுப்பாங்க. கழட்டுன பழைய செல்லை தட்டுலயே விட்டுட்டு எந்திரிக்காதீங்க, ரெண்டு பக்கமும் டேப் சுத்தி கைக்கு எட்டாத இடத்துல வெச்சுட்டு அப்புறம் ரோபோவ ஓட விடுங்க.